பறை வாங்கப் பணம் கிடைக்கிறது, பறை ஆசிரியருக்குக் கிடைப்பதில்லை: இலவசக் கலை வகுப்புகளின் நிதிக் கணக்கு

சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் சனி, ஞாயிறு மாலைகளில் போனால் ஏதாவது ஒரு மொட்டைமாடியிலோ பள்ளி மைதானத்திலோ பிள்ளைகள் பறை பழகிக்கொண்டிருப்பார்கள். சில இடங்களில் ஓவியம், சில இடங்களில் நாடகம், கானா, ஒளிப்படம். கட்டணம் கிடையாது. நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அதே ஏரியாவில் வளர்ந்த இளைஞர்கள், வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஆறு மாதம், ஒரு வருடம் நன்றாக நடக்கும். அப்புறம் நின்றுவிடும். ஏன் என்று கேட்டால் “ஃபண்ட் இல்லை” என்பார்கள்.

செய்தியில் வரும் எண்ணோ வேறு. இந்திய நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியாக, அதாவது சி.எஸ்.ஆர் நிதியாக, 2022-23இல் செலவிட்டது சுமார் 30,000 கோடி ரூபாய். இவ்வளவு பணம் புழங்கும் நாட்டில் முப்பது பிள்ளைகளுக்குப் பறை கற்றுத்தரும் ஒருவருக்கு மாதச் சம்பளம் ஏன் கிடைப்பதில்லை? பணம் இல்லாததோ மனம் இல்லாததோ மட்டும் காரணமில்லை. எந்தப் பணம் எந்தச் செலவுக்கு வரும் என்பதற்குச் சட்டத்திலும் பழக்கத்திலும் சில விதிகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்பதில்தான் பாதி உழைப்பு வீணாகிறது.

## முதலில் செலவு: ஒரு வகுப்புக்கு என்ன ஆகும்?

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். முப்பது பிள்ளைகள். வாரம் இரண்டு நாள், மாதம் எட்டு வகுப்பு. பறைக்கு ஓர் ஆசிரியர், ஓவியத்துக்கு ஓர் ஆசிரியர். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், கணக்கின் வடிவம் மாறாது.

1. ஆசிரியர் மதிப்பூதியம்: இரண்டு பேர், வகுப்புக்கு 1,000 ரூபாய் வீதம் மாதம் 16,000.
2. ஒருங்கிணைப்பாளர்: மாதம் 10,000. பிள்ளை வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய் விசாரிப்பவர் இவர்தான்.
3. சுண்டல், வாழைப்பழம், பால்: பிள்ளைக்கு 20 ரூபாய் வீதம் மாதம் 4,800.
4. தாள், வண்ணம், தூரிகை: மாதம் 3,000.
5. இட வாடகை, கரன்ட்: மாதம் 3,000.

ஆக மாதம் 36,800 ரூபாய். ஆண்டுக்கு 4,41,600. இதோடு ஆடிட்டர் செலவு 25,000, கருவி வாங்குவதும் பழுது பார்ப்பதும் 30,000, ஆண்டு இறுதி நிகழ்ச்சி 40,000 என்று சேர்த்தால் மொத்தம் 5,36,600. ஒரு பிள்ளைக்கு மாதம் ஏறக்குறைய 1,490 ரூபாய் ஆகிறது.

இந்தப் பட்டியலில் கருவிக்கான வரியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பறை என்பது ஒரு தடவை வாங்கினால் முடிந்துபோகிற பொருள். வகுப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது அப்படியில்லை. அடிப்பதற்கு முன் பழைய பேப்பரைக் கொளுத்தி அந்தத் தணலில் தோலைக் காய்ச்ச வேண்டும். ஈரத்தில் தளர்ந்த தோல் சூடேறி இறுகினால்தான் ஓசை எழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே மாலையில் இரண்டு மூன்று தடவைகூடக் காய்ச்ச வேண்டிவரும். காய்ச்சிக் காய்ச்சி ஒருநாள் தோல் கிழியும். பறை அடிக்கும் சிண்டுக்குச்சி ஒடியும். முப்பது பேர் பழகும் இடத்தில் இது எப்போதும் நடந்துகொண்டே இருக்கும். பத்துப் பறை நன்கொடையாக வந்த வகுப்பில் அடுத்த வருடம் நான்குதான் ஒலிக்கிறது என்றால் அதற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. தோல் மாற்ற யாரும் பணம் தருவதில்லை.

மொத்தச் செலவில் கண்ணுக்குத் தெரிகிற பொருளும் நிகழ்ச்சியும் சிறு பகுதிதான். பெரும்பகுதி மனிதர்களுக்கு மாதாமாதம் தர வேண்டிய பணம். வெளியிலிருந்து வருகிற பணமோ நேர்மாறான குணம் கொண்டது. அது ஒரு தடவை வரும், கண்ணுக்குத் தெரிகிற பொருளாக வரும்.

## உபயமும் கட்டளையும்

நம் கோயில்களில் இந்த வேறுபாட்டுக்கு ஏற்கெனவே இரண்டு சொற்கள் உண்டு. ஒரு மின்விசிறியோ ஒரு நாள் அன்னதானமோ கொடுத்தால் அது உபயம். நிலத்தையோ முதலையோ எழுதிவைத்து, அதிலிருந்து வரும் வருமானத்தில் தினமும் விளக்கெரிய, ஆண்டுதோறும் விழா நடக்க ஏற்பாடு செய்தால் அது கட்டளை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜ சோழன் அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயிலில் ஆடும் பெண்களுக்கு, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் என்று குறித்திருக்கிறது. அந்த முறையில் யாருக்கு இடம் இருந்தது, யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் கலைஞருக்கு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று இல்லாமல், ஆண்டுக்கு இவ்வளவு என்று தர வேண்டும் என்பது அந்தக் கணக்கு எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய இலவசக் கலை வகுப்புக்கு உபயம் ஓரளவு கிடைக்கிறது, கட்டளை கிடைப்பதில்லை. கண்ணகி நகரைப் பாருங்கள். சென்னையின் பல பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் வாழும் மறுகுடியமர்வுப் பகுதி அது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் மாநகராட்சியோடு சேர்ந்து அங்கே குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களை வரையச் செய்தன. பெயின்ட் நிறுவனம் சுவர் ஓவியத்துக்கு உதவுவது பொருத்தமான ஏற்பாடு. பலரும் தேடிப்போய்ப் பார்த்தார்கள், அந்தப் பகுதியின் பெயர் நல்ல விதமாகச் செய்தியில் வந்தது. ஆனால் அதே பகுதியில் ஒரு பிள்ளை மூன்று ஆண்டு தொடர்ந்து தூரிகை பிடிக்க வேண்டும் என்றால் அதற்கு வேறு வகைப் பணம் வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றை நடத்த முடியாது.

## பதிவு: எதற்கு, எந்த வரிசையில்?

நண்பர்கள் சேர்ந்து நடத்தும் குழுவுக்குச் சட்டப்படி ‘ஆள்’ என்ற நிலை கிடையாது. பணம் யாரோ ஒருவருடைய தனிக் கணக்கில் வரும். ஆயிரங்களில் இருக்கும்வரை சமாளிக்கலாம். லட்சத்தைத் தொட்டால் அது அந்த ஒருவரின் வருமானமாகவே பார்க்கப்படும் ஆபத்து உண்டு, குழுவுக்குள்ளும் பேச்சு வரும். எனவே பதிவு வேண்டும்.

1. அமைப்பு வடிவம். மூன்று வழிகள்: அறக்கட்டளை, சங்கம், கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் லாப நோக்கமற்ற நிறுவனம். தமிழ்நாட்டில் சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளை தொடங்க எளிது. ஏரியா இளைஞர்கள் எல்லோருக்கும் சம உரிமை வேண்டும் என்றால் சங்கமே பொருத்தம், ஏனென்றால் பொதுக்குழுவும் தேர்தலும் அதில் கட்டாயம்.
2. பான் எண்ணும் வங்கிக் கணக்கும். அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்.
3. 12ஏ பதிவு. இது வருமான வரிச் சட்டத்தின்கீழ் அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது. பின்னர் இது 12ஏபி ஆனது. புதிய அமைப்புக்கு முதலில் மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு கிடைக்கும், பிறகு முறையான பதிவு.
4. 80ஜி பதிவு. இது நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தருவது.
5. தர்பண். நிதி ஆயோக்கின் தளத்தில் தன்னார்வ அமைப்புகள் பெறும் அடையாள எண். மத்திய அரசு நிதி எதற்கு விண்ணப்பித்தாலும் கேட்பார்கள்.
6. சி.எஸ்.ஆர்-1. 2021 ஏப்ரல் முதல் நிறுவனங்களின் சி.எஸ்.ஆர் பணத்தைப் பெற்றுச் செயல்படுத்தும் அமைப்புகள் கம்பெனிகள் விவகாரத் துறையிடம் இந்தப் படிவம் தந்து எண் பெற வேண்டும்.

வருமான வரிச் சட்டம் 2025இல் புதிதாக எழுதப்பட்டு 2026 ஏப்ரல் 1இலிருந்து நடைமுறைக்கு வரும்படி வைக்கப்பட்டதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பேச்சு வழக்கில் எல்லோரும் இன்னும் 12ஏ, 80ஜி என்றுதான் சொல்வார்கள்.

80ஜி பற்றி ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அது இருந்தால் நன்கொடை கொட்டும் என்று பலர் நம்புகிறார்கள். தந்த தொகையில் பாதியை, ஒரு வரம்புக்கு உட்பட்டு, வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பதுதான் சலுகை. அதுவும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு மட்டும். 2023-24இலிருந்து புதிய வரி முறைதான் இயல்பான தேர்வாக வைக்கப்பட்டிருக்கிறது, அதில் இந்தக் கழிவு கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் எந்த முறையிலும் கிடையாது. ஆக மாதம் 300 ரூபாய் தருபவர் 80ஜிக்காகத் தரப்போவதில்லை. அப்படியானால் அது எதற்கு? சி.எஸ்.ஆர் வாசலுக்குள் நுழைய 12ஏ, 80ஜி இரண்டும் வேண்டும் என்று விதி இருக்கிறது. முக்கியமாக அதற்குத்தான்.

பதிவே இல்லாத குழு என்ன செய்யலாம்? ஏற்கெனவே பதிவுள்ள, நம்பகமான ஓர் அமைப்பின் திட்டமாக வகுப்பை நடத்தலாம். பணம் அவர்கள் கணக்கில் வரும், செலவும் அங்கிருந்தே போகும். வகுப்பின் பெயர், பாடம், பிள்ளைகளின் படங்கள், ஆசிரியரை மாற்றும் உரிமை ஆகியவை யாருடையவை என்று ஒரு பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும். பல நல்ல கூட்டுகள் உடைவது இங்கேதான்.

## சி.எஸ்.ஆர்: 2 சதவீதம் யாருடையது?

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்பது அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. நம் விஷயத்துக்கு அதில் மூன்று இடங்கள் பொருந்தும்.

ஒன்று, கல்வி. இரண்டு, சமூக, பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல். மூன்று, கலை, பண்பாட்டுப் பாதுகாப்பு. பாரம்பரியக் கலைகள், கைவினைகளின் வளர்ச்சியும் இதில் அடங்கும். நிதியின் பெரும்பங்கு கல்விக்கும் உடல்நலத்துக்கும் போகிறது. கலை பண்பாட்டுக்குச் சிறு பகுதிதான். அதனால் பலர் கலை வகுப்பைக் கல்வி என்ற தலைப்பில் கொண்டுபோகிறார்கள். அது உண்மையாக இருந்தால் தவறில்லை. பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளை ஓவிய வகுப்புக்கு வந்து, ஒருங்கிணைப்பாளர் பேசிப் பேசி மறுபடி பள்ளிக்குப் போனால் அது கல்விப் பணிதான். பறை, தெருக்கூத்து, ஒயிலாட்டம் என்றால் மூன்றாவது இடம் நேரடியாகவே பொருந்தும். அட்டவணையைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று அரசே 2014 ஜூன் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அதே சுற்றறிக்கை ஒரு தடவை நடக்கும் மாரத்தான், விருது விழா, விளம்பரம் போன்றவை கணக்கில் வராது என்றும் சொல்கிறது. ஆகவே ஆண்டு விழா மேடையில் பேனர் வைக்கிறோம், சி.எஸ்.ஆரில் தாருங்கள் என்று கேட்பது பயன்படாது. அது நிறுவனத்தின் விளம்பரச் செலவில் வர வேண்டியது.

இனி நடைமுறைக்கு வருவோம்.

மூன்று ஆண்டுத் தடை. நிறுவனமோ அரசோ தொடங்காத வெளி அமைப்புக்குப் பணம் தர வேண்டும் என்றால், அந்த அமைப்பு குறைந்தது மூன்று ஆண்டுகள் இதுபோன்ற பணி செய்திருக்க வேண்டும். நேற்றுப் பதிந்த அறக்கட்டளைக்கு இந்த வழி திறக்காது. நிறுவனம் தானே நேரடியாகச் செலவிடலாம், ஆசிரியருக்கு அதுவே மதிப்பூதியம் தரலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள முன்வரும் நிறுவனங்கள் குறைவு.

பெரிய நிறுவனம் பெரிய வாய்ப்பு இல்லை. கோடிக்கணக்கில் செலவிட வேண்டிய நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய்த் திட்டமும் 5 கோடித் திட்டமும் ஏறக்குறைய அதே அளவு காகித வேலைதான். அவர்கள் பெரியதையே விரும்புவார்கள். மாறாக, மூன்றாண்டுச் சராசரி லாபம் 5 கோடியாக உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடமை 10 லட்சம் ரூபாய். 50 லட்சத்துக்கு மேற்படாத கடமை என்பதால் தனியாக சி.எஸ்.ஆர் குழு அமைக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை, இயக்குநர்கள் கூடி முடிவெடுத்தால் போதும். நாம் மேலே போட்ட 5,36,600 ரூபாய் அதற்குச் சரியான அளவு. அம்பத்தூர், கிண்டி, ஒரகடம், ஓசூர், திருப்பூர், கோவை தொழிற்பேட்டைகளில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. முதலாளியே நேரில் பேசுவார். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. அவர்களிடம் போகும் வழி பெரும்பாலும் அவர்களுடைய ஆடிட்டர் வழியாகத்தான்.

‘தொடர் திட்டம்’ என்று கேளுங்கள். தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை நீளும் திட்டத்தைச் சட்டம் தொடர் திட்டமாக ஏற்கிறது. ஆண்டு முடிவில் மீந்த பணத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றிவைத்து அடுத்த மூன்று நிதியாண்டுகளில் செலவிடலாம். கட்டளைக்கு மிக அருகில் சி.எஸ்.ஆர் வருவது இந்த ஒரு வழியில்தான். இருந்தும் பெரும்பாலான விண்ணப்பங்கள் ஒரே ஆண்டுக்குக் கேட்டு எழுதப்படுகின்றன.

5 சதவீதக் குழப்பம். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியைக் காட்டி ஆசிரியர் சம்பளத்தைக் குறைக்கச் சொல்வது அடிக்கடி நடக்கிறது. அந்த வரம்பு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர் பணியைப் பொதுவாக நிர்வகிக்க ஆகும் செலவுக்கானது. ஒரு திட்டத்தை நேரடியாக நடத்த ஆகும் செலவு அதில் சேராது. பறை வகுப்பில் பறை ஆசிரியர்தான் திட்டம். இதைப் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. “சி.எஸ்.ஆர் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் எனக்கு” என்று வருபவர்களையும், பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டு ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பிக் கேட்பவர்களையும் வாசலிலேயே அனுப்பிவிட வேண்டும். பிள்ளைகளின் பெயரில் வந்த பணத்தில் இப்படி ஒரு தடவை கை வைத்தால் அமைப்பின் பதிவே போய்விடக்கூடும்.

## அரசு வழிகள்

அரசிடம் மொத்தத் தொகையாகக் கேட்பதைவிடத் துண்டு துண்டாகக் கேட்பதே நடக்கும்.

- பிள்ளைக்கு நேரடியாக: மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் பயிற்சி மையம் 10 முதல் 14 வயதுவரை உள்ளவர்களுக்குக் கலைத் திறன் உதவித்தொகை தருகிறது. 18 முதல் 25 வயதுவரை இளம் கலைஞர் உதவித்தொகை இருக்கிறது; இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாய். நம் வகுப்பில் வளர்ந்து உதவி ஆசிரியராகும் பெண்ணுக்கோ பையனுக்கோ இது பெரிய தொகை.
- ஆசிரியருக்கு: மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் குரு-சிஷ்யத் திட்டங்கள், தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்தின் திட்டம். மாதத் தொகையாகத் தரப்படுவதால் வகுப்பின் உண்மையான தேவைக்கு மிக நெருக்கமானவை இவைதான். ஆசிரியர் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள்.
- கருவிக்கும் உடைக்கும்: தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம்.
- இடத்துக்கு: அரசுப் பள்ளி வளாகம், மாநகராட்சி சமுதாயக் கூடம், நூலகம். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியும் நமக்கு நாமே திட்டமும் கட்டடம் போன்ற சொத்துக்கானவை. அவற்றிலிருந்து சம்பளம் வராது, ஆனால் கூரை வரலாம்.

கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்காகவே இயங்குகின்றன. பக்கத்தில் ஒன்று இருந்தால் அதோடு சேர்ந்து செய்ய முடியுமா என்று பார்ப்பது புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட எளிது. அரசுப் பள்ளிக்குள்ளேயே வகுப்பு நடத்தினால் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாக நன்கொடையாளர்களைக் கோரலாம். பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா பிள்ளைகளுக்கு மேடையும் தருகிறது.

அரசுப் பணம் தவணையாக, கணக்கு காட்டிய பிறகு வருவது வழக்கம். அதை நம்பி ஆசிரியருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. குறைந்தது மூன்று மாதச் செலவு, நம் கணக்கில் 1,10,400 ரூபாய், கையிருப்பில் வைத்துக்கொண்டு இறங்குவதே நல்லது.

தனியார் நல்கை நிறுவனங்களில் பெங்களூரில் 1993இல் தொடங்கிய இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் (ஐ.எஃப்.ஏ) அமைப்பைக் குறிப்பிட வேண்டும். 1995 முதல் நல்கைகள் தருகிறது, தனிநபர் கலைஞர்களும் விண்ணப்பிக்கலாம். அதன் பள்ளிக் கலைக்கல்விப் பணிகள் பெரிதும் கர்நாடக அரசுப் பள்ளிகளைச் சார்ந்தவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

## டொரோன்டோ மாமா தரும் 10,000 ரூபாய்

நல்ல மனிதர்கள் தெரியாமல் சட்டச் சிக்கலில் மாட்டுவது இங்கேதான். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010, சுருக்கமாக எஃப்.சி.ஆர்.ஏ, பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. தருபவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பார்க்கிறது.

1. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு இல்லை.
2. கனடாவிலோ அமெரிக்காவிலோ குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் தந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான்.
3. அவர் ஊருக்கு வந்திருக்கும்போது, வகுப்பைப் பார்த்து நெகிழ்ந்து, சட்டைப்பையிலிருந்து இந்திய ரூபாயாகவே எடுத்துக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான்.

எஃப்.சி.ஆர்.ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கினால் குற்றம், ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. பதிவு பெற அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் முதன்மைப் பணிக்குச் செலவிட்ட கணக்கும் வேண்டும். நம் மாதிரி வகுப்பு மூன்று ஆண்டில் 16,09,800 ரூபாய் செலவிடும். எட்டிவிட்டதுபோலத் தெரியும், நிர்வாகச் செலவைக் கழித்தால் குறைந்துவிடலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முக்கியமாக, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. முன்பு பெரிய தொண்டு நிறுவனங்கள் வழியாகச் சிறு குழுக்களுக்கு வந்துகொண்டிருந்த பணம் இதனால் நின்றது. பல மாலை வகுப்புகளைப் பாதித்த மாற்றம் இது.

எனவே இணையத்தில் நன்கொடை கேட்கும்போது ‘இந்தியக் குடிமக்கள் மட்டும்’ என்று தெளிவாகப் போட்டு, பான் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். டொரோன்டோ மாமாவிடம் பணத்துக்குப் பதிலாக வேறு கேட்கலாம். அவருக்குத் தெரிந்த, இந்தியாவில் தொழில் நடத்தும் நண்பர்களிடம் நம்மை அறிமுகப்படுத்தச் சொல்லலாம்.

## அடித்தளம்: நூறு பேர், முந்நூறு ரூபாய்

சி.எஸ்.ஆர் மூன்று ஆண்டு காக்க வைக்கும். அரசுப் பணம் தாமதமாகும். வெளிநாட்டுப் பணத்துக்குத் தடை உண்டு. நாளை மாலை ஆசிரியர் வருவதற்கு யார் பொறுப்பு? என் மதிப்பீட்டில் மாதச் செலவைத் தாங்கக்கூடியது சிறு நன்கொடைதான்.

நூறு பேர் மாதம் 300 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 3,60,000. நம் மாதிரி வகுப்பின் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அது. மாதாமாதம் தானாகவே பணம் பிடிக்கும் யு.பி.ஐ ஆட்டோபே வந்தபிறகு இதை வசூலிப்பது எளிதாகிவிட்டது. கடினமானது நூறு பேரைத் தக்கவைப்பது. மாதம் ஒரு வாட்ஸப் செய்தி போதும்: எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், என்ன பழகினார்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது. இரண்டு மாதம் அனுப்பாமல் விட்டால் பத்துப் பேர் நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு வழி நாள் கணக்கு. மாதச் செலவான 36,800ஐ எட்டு வகுப்பால் வகுத்தால் ஒரு வகுப்பு நாளுக்கு 4,600 ரூபாய். பிறந்தநாளுக்கும் திதிக்கும் ஆதரவற்றோர் இல்லங்களில் சாப்பாடு போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அவர்களிடம் “ஒரு நாள் வகுப்பு உங்களுடையது” என்று கேளுங்கள். சிற்றுண்டிக்கு மட்டும் என்று கேட்டால் சுண்டல் சேரும், ஆசிரியருக்குத் தர எதுவும் சேராது. ஆண்டுக்கு 96 வகுப்பு நாட்கள். இருபது குடும்பங்கள் ஆளுக்கு ஒரு நாளை ஏற்றாலே 92,000 ரூபாய்.

ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்களிடமும், இணையக் கூட்டுநிதித் தளங்களிலும் கருவி, நிகழ்ச்சி, பயணம் போன்ற ஒரு தடவைச் செலவுகளையே கேளுங்கள். அவர்களுக்கு அது எளிது, நமக்கும் தேவை.

பெற்றோரிடம் பணம் வாங்கலாமா? கட்டணமாகக் கூடாது, அன்று கையில் இல்லாத பிள்ளைதான் முதலில் நின்றுவிடும். ஆனால் சுண்டல் வேகவைத்துத் தருவது, பாய் விரிப்பது, பறையைப் பாதுகாப்பாக வீட்டில் வைப்பது என்று பெற்றோர் ஏற்கும் வேலைகளைக் கணக்கில் எழுதிவையுங்கள். “உள்ளூர்ப் பங்கு என்ன?” என்று கேட்கும் நிதியாளருக்கு அதுதான் பதில்.

## விண்ணப்பத்தில் எதைக் காட்டுவது?

அழுதுகொண்டிருக்கும் முகத்தின் படத்தைக் காட்டிப் பணம் கேட்க வேண்டாம். பறை அடிக்கும் பிள்ளை நாளை வேலைக்குப் போகும்போது அந்தப் படம் இணையத்தில் கிடக்கும். படம் எடுக்கப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஏரியா, பள்ளி, முழுப்பெயர் மூன்றையும் ஒன்றாக வெளியிடக் கூடாது. நல்ல நிதியாளர்கள் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையை முதலிலேயே கேட்பார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தை ஆசிரியர்கள் எல்லோருக்கும் விளக்கியிருக்க வேண்டும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, புகார் யாரிடம் சொல்வது என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்க வேண்டும். நிதிக்காக மட்டும் செய்ய வேண்டிய வேலை இல்லை இது.

சி.எஸ்.ஆருக்குத் தேவையான மூன்று ஆண்டு அனுபவம் பதிவுச் சான்றிதழால் மட்டும் நிரூபணமாகாது. முதல் வகுப்பிலிருந்தே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, வந்த பிள்ளைகளின் கையெழுத்து, அன்று பழகியது என்ன, வராதவர் ஏன் வரவில்லை, ஆசிரியருக்குத் தந்த தொகை, அவரது கையொப்பம். ரசீதுகளை அதே வாரத்தில் ஒட்டிவிடுங்கள். மழையில் நனையாத இடத்தில் வையுங்கள், பக்கங்களை மாதம் ஒரு தடவை போனில் படமெடுத்து வேறொருவரிடமும் கொடுத்துவையுங்கள்.